மூணு சக்கரம் இருந்தா வண்டி சாயாதா? ஸ்கூட்டர் முதல் சைடுகார் வரை... எந்த வண்டி எப்படி ஓடும்?

புதுக்கோட்டையில் மாற்றுத்திறனாளிகளுக்கான நலத்திட்ட நிகழ்ச்சி என்றால் ஒரு காட்சி கட்டாயம் இருக்கும். பின்பக்கம் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும். பயனாளிகள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து சாவியை வாங்குவார்கள். போட்டோ எடுப்பார்கள். நிகழ்ச்சி முடிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கதை தொடங்குகிறது. ஆலங்குடியில் கடை வைத்திருப்பவரும், அறந்தாங்கியில் கல்லூரிக்குப் போகிறவரும், பொன்னமராவதியில் வேலை பார்ப்பவரும் இனி தினமும் அந்த வண்டியில்தான் போய் வர வேண்டும். இதுவரை யாராவது தூக்கிவிட்டால்தான் பஸ் ஏற முடியும் என்றிருந்தவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

"மூணு சக்கரம் இருக்கே, எப்படி விழும்?" என்பதுதான் அப்போது எல்லாரும் சொல்லும் தைரியம். வண்டி நிற்கும்போது அந்தப் பேச்சு சரி. வேகமாகத் திரும்பும்போது சரியில்லை. மூன்று சக்கர வண்டிகள் எல்லாமே ஒரே மாதிரி ஓடுவதும் இல்லை. கூடுதல் சக்கரம் எங்கே இருக்கிறது, வளைவில் வண்டி சாயுமா சாயாதா என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்து ஓட்டும் முறையே மாறிவிடும்.

இரண்டு சக்கரத்துக்கும் மூன்று சக்கரத்துக்கும் என்ன வித்தியாசம்?

பைக்கோ ஸ்கூட்டரோ ஓட்டுகிறவர் வளைவில் தன்னை அறியாமல் ஒரு வேலை செய்கிறார். இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்றால் வண்டியை இடதுபக்கம் சாய்க்கிறார். கொஞ்சம் வேகத்தில் போகும்போது இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளினாலே வண்டி இடதுபக்கம் சாய்ந்து திரும்பிவிடும். பல வருடம் ஓட்டியவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். உடம்புக்குப் பழகிப்போன விஷயம் அது.

சாயாத மூன்று சக்கர வண்டியில் இந்தப் பழக்கம் நேர் எதிராக வேலை செய்யும். அங்கே ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். இடது கைப்பிடியை முன்னால் தள்ளினால் முன்சக்கரம் வலதுபக்கம் திரும்பும், வண்டியும் வலதுபக்கம் போகும். அதனால்தான், பைக் ஓட்டிப் பழகியவர் விபத்தில் கால் பாதிக்கப்பட்டு பிறகு மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு மாறும்போது, முதல் சில நாட்களுக்கு வண்டி சொன்ன பேச்சு கேட்காத மாதிரி தோன்றும். இதுவரை வண்டியே ஓட்டாதவருக்கு இந்தக் குழப்பம் குறைவு. மறக்க வேண்டிய பழக்கம் அவருக்கு இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பைக் வளைவில் உள்பக்கம் சாய்வதால், ஓட்டுகிறவரை சீட்டை விட்டுத் தள்ளும் உணர்வு இருக்காது. சாயாத வண்டியில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். பஸ் வேகமாக வளையும்போது நிற்கிறவர்கள் ஒரு பக்கமாகச் சரிவார்களே, அதே மாதிரி.

எவ்வளவு வேகத்தில் ஆபத்து?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சந்திப்பில் திரும்பும்போது வண்டி போடும் வளைவு 10 மீட்டர் ஆரம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுகிறவரின் எடை 60 கிலோ.

- மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், சுமார் 19 கிலோ எடைக்குச் சமமான விசை அவரை வெளிப்பக்கம் தள்ளும்.
- மணிக்கு 30 கி.மீ. என்றால் அது சுமார் 42 கிலோ.
- மணிக்கு 40 கி.மீ. என்றால் சுமார் 75 கிலோ. அதாவது அவருடைய எடையையே தாண்டிவிடும்.

வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இதே விசை வண்டியையும் தள்ளும். ஒரு கட்டத்தில் வளைவின் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதற்கு மேலும் வேகம் இருந்தால் வண்டி கவிழும். பின்சக்கரங்களுக்கு இடையே அகலம் அதிகமாகவும், எடை தாழ்வாகவும் இருந்தால் இந்தக் கட்டம் தள்ளிப்போகும். சக்கரங்கள் நெருக்கமாகவும் சீட் உயரமாகவும் இருந்தால் சீக்கிரமே வந்துவிடும்.

இது புத்தகக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1970களிலும் 80களிலும் கரடுமுரடான இடங்களில் ஓட்டும் மூன்று சக்கர ஏ.டி.வி. வண்டிகள் பெரிய அளவில் விற்றன. வண்டி கவிழ்ந்து உயிரிழப்புகள் அதிகமானதால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 1988-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர ஏ.டி.வி. விற்பனை அங்கே நின்றது. இப்போது கடைகளில் இருப்பவை நான்கு சக்கர வண்டிகள்.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்க்கலாம்.

1. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்

தமிழ்நாட்டில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். அரசு ஆவணங்களில் 'இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்' என்று இருக்கும். மக்கள் பேச்சில் 'மூணு சக்கர வண்டி'. உண்மையில் பல வண்டிகளில் ஸ்கூட்டரின் பழைய பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் சேர்ந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் மொத்தம் நான்கு!

*எப்படி ஓடும்?* கியர் இல்லாத ஸ்கூட்டர், பிரேக் இரண்டும் கையில். அதனால் கால்களுக்கு வேலையே இல்லை. நிற்கும்போது தரையில் கால் ஊன்றத் தேவையில்லை. இந்த வகையின் மிகப்பெரிய பலம் இதுதான். சிக்னலிலும், லெவல் கிராசிங்கிலும், கடை வாசலிலும் பதற்றம் இல்லாமல் நிற்கலாம்.

*சிக்கல் எங்கே?* என்ஜினின் இழுவிசை நடுச்சக்கரத்துக்கு மட்டும்தான் போகிறது. பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி, நடுச்சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் அது சும்மா சுற்றும், வண்டி நகராது. மண் பாதையில் இந்த அனுபவம் பலருக்கும் உண்டு. பெரும்பாலான கிட்களில் பக்கச் சக்கரங்களுக்கு பிரேக்கும் இருக்காது. எடையின் ஒரு பங்கு பிரேக் இல்லாத சக்கரங்களின் மேல் போய்விடுவதால், நடுச்சக்கரத்தின் பிரேக் முன்பு பிடித்த அளவுக்குப் பிடிக்காது. முன்னால் போகும் வண்டிக்கு கூடுதல் இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும்.

பின்னால் போவது இன்னொரு பிரச்னை. சாதாரண ஸ்கூட்டரை காலால் தள்ளிப் பின்னே எடுத்துவிடுவோம். கால் ஊன்ற முடியாதவருக்கு அந்த வழி இல்லை. ரிவர்ஸ் கியர் உள்ள கிட்களும் இருக்கின்றன. அது இல்லாத வண்டி என்றால், நிறுத்தும்போதே முன்பக்கமாக வெளியே எடுக்கிற மாதிரி நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

2. பின்னால் இரண்டு சக்கரம்: ஆட்டோ, ஆப்பே, ட்ரைக்

நாம் தினமும் ஏறும் ஆட்டோ இந்த வகைதான். முன்னால் ஒரு சக்கரம், ஸ்கூட்டர் மாதிரி ஹேண்டில்பார், பின்னால் இரண்டு சக்கரம். இதன் பூர்வீகம் இத்தாலி. வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ டாஸ்கானியோதான், 1948-ல் வெளிவந்த பியாஜியோவின் மூன்று சக்கர சரக்கு வண்டியையும் வடிவமைத்தார். இத்தாலிய மொழியில் 'வெஸ்பா' என்றால் குளவி. சரக்கு வண்டிக்கு வைத்த பெயர் 'ஆப்பே', அதாவது தேனீ. நம் ஊரில் காய்கறி மூட்டை ஏற்றும் ஆப்பே அதன் வாரிசுதான்.

அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை 'சர்வி-கார்' என்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. போலீசார்கூட அதைப் பயன்படுத்தினார்கள். அதே நிறுவனத்தின் இன்றைய 'ட்ரை கிளைடு' 2009 மாடலாக அறிமுகமானது.

*எப்படி ஓடும்?* பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவிசை போகும். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு இடம்கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் 'டிஃபரன்ஷியல்'. ஆட்டோவில் அது இருக்கிறது. உள்ளூர் பட்டறையில் வெல்டிங் வைத்து, இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டில் கோத்துவிட்ட வண்டிகளில் அது இருக்காது. அப்படிப்பட்ட வண்டி, ஹேண்டிலைத் திருப்பினாலும் நேராகப் போகவே பார்க்கும்.

*சிக்கல் எங்கே?* திரும்பிக்கொண்டே பிரேக் பிடிப்பது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் பாயும். அங்கே இருப்பதோ ஒற்றைச் சக்கரம். வண்டி முன்பக்க ஓரமாகச் சாய்ந்து கவிழப் பார்க்கும். பக்கச் சக்கர ஸ்கூட்டருக்கும் இதே ஆபத்து உண்டு. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் பிறகு திரும்ப வேண்டும். இந்த ஒரு விதி கை வந்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

3. வீல்சேரில் மாட்டும் மோட்டார்

இது புதிய வரவு. சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டாரும் ஹேண்டிலும் உள்ள ஒற்றைச் சக்கரத்தை மாட்டினால், நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகிவிடும். ஐஐடி மெட்ராஸில் உருவான 'நியோபோல்ட்' 2021-ல் இந்த முறையில் அறிமுகமானது. அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ. ஒரு முறை சார்ஜ் செய்தால் 25 கி.மீ. வரை போகலாம் என்பது அறிவிக்கப்பட்ட அளவு.

*எப்படி ஓடும்?* நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாறி உட்கார வேண்டிய அவசியமே இல்லை. கடைக்குப் போனதும் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போய்விடலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். யாராவது தூக்கி உட்கார வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

*சிக்கல் எங்கே?* தூரம். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் சுமார் 20 கி.மீ. போய்விடலாம், ஆனால் நடுவில் சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. டவுனுக்குள் சுற்றுவதற்கு ஏற்ற வண்டி. நெடுஞ்சாலையில் பஸ், லாரிகளோடு போவதற்கு ஏற்றதல்ல.

4. சைடுகார்

1975-ல் வந்த 'ஷோலே' படத்தைப் பார்த்தவர்களுக்கு சைடுகாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஸ்கூட்டரோடு சைடுகார் சேர்த்து, குடும்பமே அதில் போய்வந்ததை நம் ஊர் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தியாவில் சைடுகாரை வண்டியின் இடதுபக்கம் மாட்டுவார்கள்.

*எப்படி ஓடும்?* ஓட்டுகிறவருக்கு இது எல்லாவற்றையும் விட விசித்திரமான அனுபவம். காரணம், வண்டி இரண்டு பக்கமும் சமமாக இல்லை. ஆக்சிலரேட்டரைத் திருகினால் சைடுகார் பின்தங்கும், வண்டி இடதுபக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் சைடுகார் முன்னால் போகப் பார்க்கும், வண்டி வலதுபக்கம் திரும்பும். நேர் ரோட்டில்கூட இரண்டு கையும் ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

*சிக்கல் எங்கே?* காலி சைடுகாரோடு இடதுபக்கம் வேகமாகத் திரும்பினால் சைடுகாரின் சக்கரம் மேலே எழும்பிவிடும். ஆள் உட்கார்ந்திருந்தால் அந்த எடையே அதைத் தரையில் அழுத்திப் பிடிக்கும். அதனால் ஆளோடு ஓட்டும்போதும், தனியாக ஓட்டும்போதும் இது இரண்டு வேறு வண்டி என்றே நினைக்க வேண்டும்.

5. முன்னால் இரண்டு சக்கரம்

நம் சாலைகளில் அரிதாகத்தான் கண்ணில் படும். யூடியூபில் பார்த்துவிட்டு பலரும் கேட்கும் வகை. இதில் இரண்டு பிரிவு உண்டு.

ஒன்று, சாயும் வண்டிகள். பியாஜியோவின் எம்.பி.3 (2006), யமஹாவின் ட்ரைசிட்டி (2014), நிக்கென் (2018) ஆகியவை இந்தப் பிரிவு. முன்சக்கரங்கள் இரண்டும் வளைவில் ஒன்றாகச் சாயும். ஓட்டுவதற்கு அச்சு அசல் பைக் மாதிரியே இருக்கும். ஈரமான ரோட்டில் முன்பக்கம் சறுக்குவது குறையும். ஆனால் சாயும் வண்டி என்பதால் நிற்கும்போதும் சாயும். எம்.பி.3-ல் நிற்கும்போது சாயாமல் பிடித்துக்கொள்ள லாக் வசதி உண்டு. அந்த வசதி இல்லாத வண்டியில் கால் ஊன்றியே ஆக வேண்டும். 'மூணு சக்கரம்' என்ற பெயரை மட்டும் நம்பி, கால் ஊன்ற முடியாதவர் இந்த வகையை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, சாயாத வண்டிகள். கேன்-ஆம் நிறுவனம் 2007-ல் அறிமுகப்படுத்திய ஸ்பைடர் இந்தப் பிரிவு. முன்னால் அகலம் அதிகம் என்பதால் பிரேக் பிடிக்கும்போது ஆட்டோவை விட உறுதியாக நிற்கும். விலையும் உடம்பும் பெரியது. நம் ஊர்த் தெருவுக்கு அது கார்தான்.

சுருக்கமாகச் சொன்னால்...

- கால் ஊன்ற முடியாதவர், தினமும் 10, 20 கி.மீ. போகிறவர்: பக்கச் சக்கர ஸ்கூட்டர். ரிவர்ஸ் கியர் இருந்தால் நல்லது.
- வீல்சேரை விட்டு இறங்குவது சிரமம், போவது பக்கத்தில்தான்: வீல்சேரில் மாட்டும் மோட்டார்.
- சரக்கு, பயணிகள்: தொழிற்சாலையிலேயே தயாரான ஆட்டோ அல்லது ஆப்பே. பட்டறையில் ஒட்டவைத்த வண்டி வேண்டாம்.
- ஓட்டத் தெரிந்தவர் குடும்பத்தில் இருக்கிறார், மற்றொருவரை உட்கார வைத்து அழைத்துப்போக வேண்டும்: சைடுகார். ஆனால் நன்றாகப் பழகிய பிறகு.
- கால் நன்றாக உள்ளவர், வழுக்கும் ரோட்டில் தைரியம் வேண்டும்: முன்னால் இரண்டு சக்கரம் உள்ள சாயும் வண்டி.

புதுக்கோட்டை ரோட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

புதுக்கோட்டை நகரின் வீதிகள் நேர்கோட்டில், அகலமாக இருக்கும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரி காலத்தில் திட்டமிட்டு அமைத்த வீதிகள் அவை. ஓட்டுவதற்கு வசதிதான். ஆனால் கீழ ராஜ வீதி போன்ற இடங்களில் மூலை திரும்புவது என்றால் நேர் செங்கோணத் திருப்பம். நேர் ரோட்டில் எடுத்த வேகத்தோடு அப்படியே திரும்பிவிடக் கூடாது.

*வேகத்தடை:* டூவீலர்காரர்கள் வேகத்தடையின் ஓரத்தில் இருக்கும் சந்தில் புகுந்து போவார்கள். மூன்று சக்கர வண்டியில் அதைச் செய்தால் ஒரு பக்கம் மேட்டிலும் மறுபக்கம் பள்ளத்திலும் இருக்கும். வண்டி டக்குனு சாயும். நேராக, மெதுவாக, எல்லாச் சக்கரமும் ஏறி இறங்கும்படி போவதே சரி.

*ரோட்டின் சரிவு:* மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோடு நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருக்கும். பைக்கில் இது தெரியாது. சாயாத வண்டியில் கை சும்மா இருந்தால் வண்டி இடதுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். ஹேண்டிலை வலதுபக்கம் லேசாகப் பிடித்தே ஓட்ட வேண்டும். நீண்ட தூரம் போனால் தோள் வலிப்பது இதனால்தான்.

*தார் ரோட்டின் விளிம்பு:* மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் பெரிய வண்டிக்கு வழிவிட ஓரம் ஒதுங்க நேரும். இடது பக்கச் சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கிவிட்டால், பதற்றத்தில் ஹேண்டிலை வெட்டித் திருப்பக் கூடாது. வேகத்தை முழுசாகக் குறைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

*செம்மண், கிராவல், கண்மாய்க்கரை:* வண்டித் தடம் விழுந்த மண் பாதையில் பைக் ஒரு தடத்தில் போய்விடும். மூன்று சக்கர வண்டிக்கு அத்தனை தடம் தேவை. மழைக்காலத்தில் கண்மாய்க்கரைப் பாதையைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனாலும் தார் ரோட்டில் போவது நல்லது.

*சீமைக்கருவேல முள்:* சக்கரம் கூடினால் பஞ்சரும் கூடும். பக்கச் சக்கரங்களில் ஒன்றில் மட்டும் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். வாரத்துக்கு ஒரு முறை எல்லா டயரிலும் காற்றைப் பார்த்துவிட வேண்டும். கிட்டின் போல்ட்களையும் மெக்கானிக்கிடம் காட்டி இறுக்கிக்கொள்ள வேண்டும்.

*குறுகலான வழி:* ஹேண்டில்பார் நுழைந்த இடத்தில் பின்சக்கரம் நுழையாமல் மாட்டிக்கொள்ளும். வண்டியின் அகலம் இனி பின்னாடிதான் என்பது மனதில் பதிய சில நாள் ஆகும்.

எப்படிப் பழகுவது?

வண்டியைக் கொடுப்பது வேறு, ஓட்டக் கற்றுக்கொடுப்பது வேறு. இதைப் புதுக்கோட்டைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கிராமத்து மைதானங்களில் முகாம் போட்டு, பின்னாடியே பிடித்துக்கொண்டு ஓடி, ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிளில் ஏற்றினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பற்றி எழுதியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அந்தப் பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பினார்கள். சைக்கிள் அதற்கு முன்பும் ஊரில் இருந்தது. ஓட்டப் பழக்கிவிட ஆள் வந்த பிறகுதான் அது பெண்கள் கைக்கு வந்தது.

மூன்று சக்கர வண்டிக்கும் அந்த மைதானம் தேவை. வண்டி கைக்கு வந்ததும் நேராக ரோட்டில் இறங்காமல் இப்படிப் பழகலாம்:

- முதலில் காலி மைதானத்தில், உடன் ஒருவரை வைத்துக்கொண்டு, நேராகப் போய் நிறுத்திப் பழக வேண்டும். பிரேக் பிடித்த இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.
- அடுத்து நடக்கிற வேகத்தில் எட்டு போட வேண்டும். இடதுபக்கமும் வலதுபக்கமும் சம அளவு.
- திரும்பும்போது இடுப்புக்கு மேல் உள்ள உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்துப் பழக வேண்டும். வண்டி சாயாததால் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். இடுப்பு பலம் குறைந்தவர்கள் முதுகுச் சாய்மானமும் பெல்ட்டும் பொருத்திக்கொள்ளலாம். பெல்ட்டை ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும்.
- பின்னால் ஆளை ஏற்றுவது கடைசிப் பாடம். ஏறுகிறவரும் வளைவின் உள்பக்கம் சாய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூட்டை என்றால் உயரமாக அடுக்காமல் தாழ்வாகக் கட்ட வேண்டும்.

ஊன்றுகோலை எங்கே மாட்டுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். ஹேண்டிலில் சாய்த்து வைத்த கோல் திரும்பும்போது குறுக்கே மாட்டும். ஹெல்மெட் கட்டாயம். சக்கரம் கூடுதல் என்பதற்காகத் தலைக்கு விலக்கு கிடையாது.

லைசென்ஸ், பதிவு எப்படி?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் வண்டிக்குத் தனி வகை உண்டு. முன்பு ஆங்கிலத்தில் 'இன்வேலிட் கேரேஜ்' என்று இருந்தது. 2019-ல் வந்த திருத்தம் அதை 'அடாப்டட் வெஹிகிள்', அதாவது மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்று மாற்றியது. உடல் குறைபாடு இருப்பதாலேயே லைசென்ஸ் மறுக்கப்படுவதில்லை. இப்படிப்பட்ட வண்டியை ஓட்டத் தகுதி இருந்தால், அந்த வண்டிக்கான லைசென்ஸ் பெறலாம். எல்.எல்.ஆர். வாங்கிப் பழகிவிட்டு, தன் வண்டியிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். மருத்துவச் சான்றும் தேவை.

சொந்தப் பணத்தில் கிட் பொருத்துகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு, சட்டத்தின் 52-வது பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மாற்றம் ஆர்.சி. புத்தகத்திலும் ஏற வேண்டும். அங்கீகாரம் பெற்ற கிட்டா என்று கேட்டு, பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் சாதாரண ஸ்கூட்டர் என்றும் ரோட்டில் மூன்று சக்கர வண்டி என்றும் இருந்தால், விபத்து நேரும்போது இழப்பீட்டில் சிக்கல் வரும்.

அரசு ஸ்கூட்டருக்கு எங்கே விண்ணப்பிப்பது?

கால்கள் பாதிக்கப்பட்டு, வண்டி ஓட்டும் அளவுக்குக் கைகள் நல்ல நிலையில் உள்ளவர்களுக்காக இந்தத் திட்டத்தை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்துகிறது. படிக்கிறவர்கள், வேலை பார்ப்பவர்கள், சுயதொழில் செய்பவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பும் மற்ற நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுவதால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. அட்டை, ஆதார், குடும்ப அட்டை, படிப்பு அல்லது வேலைக்கான சான்று, போட்டோ ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

வண்டி கையில் கிடைக்கும் நாளில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு சாவியை வாங்குவது நல்லது. ரிவர்ஸ் கியர் இருக்கிறதா? பக்கச் சக்கரத்துக்கு பிரேக் இருக்கிறதா? கிட்டுக்கு சர்வீஸ் எங்கே? இதில் முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தாலும் பரவாயில்லை. அதைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் போதும்.